ஓவர்பாஸ் வினவல்களைச் சிக்கனமாக எழுதுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் திறந்த உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவுத்தளத்திலிருந்து தமக்கு வேண்டிய பகுதியை மட்டும் கேட்டுப் பெற விரும்புவோர் பெரும்பாலும் ஓவர்பாஸ் ஏபிஐயையே (நிரல்கள் தரவு கேட்டுப் பெறும் இடைமுகம்) நாடுகின்றனர். அதன் பொதுச் சர்வர்கள் இலவசமாகக் கிடைப்பதால், எழுதிய வினவல் எவ்வளவு வேலை வாங்குகிறது என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. திரையில் பிழைச்செய்தி வரும்போதுதான் அந்தக் கேள்வி எழுகிறது. அவ்வாறு எழும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. நோடு (புள்ளி), வே (புள்ளிகளை இணைக்கும் கோடு அல்லது பரப்பின் எல்லை), ரிலேஷன் (பல பொருள்களைச் சேர்த்த தொகுப்பு), அவுட் (விடையை வெளியிடும் கட்டளை) போன்ற வினவல் மொழிச் சொற்களை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியுள்ளோம். வினவலை இயக்கும்போது அவற்றை ரோமன் எழுத்தில் இட வேண்டும்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்குச் சொந்தமாகவே ஓர் ஏபிஐ இருக்கும்போது ஓவர்பாஸ் எதற்கு?

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் சொந்த ஏபிஐ, வரைபடத்தைத் திருத்துவோருக்காக அமைக்கப்பட்டது. ஒரு சிறு பகுதியில் உள்ள அனைத்தையும் அப்படியே எடுத்து, திருத்தி, திரும்ப ஏற்றுவது அதன் பணி. ஒரே கோரிக்கையில் 0.25 சதுரப் பாகைக்கு மேற்பட்ட பரப்பையோ 50,000 நோடுகளுக்கு மேற்பட்ட தரவையோ அது தராது. ‘மருத்துவமனைகளை மட்டும் கொடு’ என்று அதனிடம் கேட்கவும் இயலாது. ரோலண்ட் ஓல்பிரிக்ட் உருவாக்கிய ஓவர்பாஸ், படிப்பதற்கு மட்டுமே ஆனது. மூலத் தரவில் நிகழும் மாற்றங்களை ஏறக்குறைய நிமிடத்துக்கு நிமிடம் வாங்கிக்கொண்டு, இடம், டேக் (பொருளை விவரிக்கும் ‘சாவி = மதிப்பு’ குறிப்பு), ஒன்றோடொன்று உள்ள தொடர்பு ஆகியவற்றின் அடிப்படையில் தேடித் தரும். உலாவியில் வினவலை எழுதி விடையை வரைபடத்தின் மீதே காண உதவும் ஓவர்பாஸ் டர்போ, இந்த ஏபிஐக்கு மேல் அமர்ந்திருக்கும் ஒரு முகப்பு மட்டுமே. டர்போவில் மெதுவாக ஓடும் வினவல் வேறு எங்கிருந்து அனுப்பினாலும் மெதுவாகத்தான் ஓடும்.

விடை பத்து வரிதான் வருகிறது. அதற்கு ஏன் ஒரு நிமிடம் ஆகிறது?

விடையின் நீளத்துக்கும் வேலையின் அளவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அந்தப் பத்து வரிகளைக் கண்டெடுக்க வட்டிலிருந்து எவ்வளவு தரவைப் படிக்க நேர்ந்தது என்பதே நேரத்தைத் தீர்மானிக்கிறது. ஓவர்பாஸ் தன் தரவை நில அமைப்பின்படி அடுக்கி வைத்திருக்கிறது. அதாவது, நிலத்தில் அருகருகே இருக்கும் பொருள்கள் வட்டிலும் பெரும்பாலும் அருகருகே இருக்கும். ஆகவே, ஒரு நகரத்துக்குள் தேடு என்றால் சில கட்டங்களை மட்டும் திறந்தால் போதும். இடத்தைக் குறிப்பிடாமல் ஓர் அரிய பெயரைத் தேடச் சொன்னால், விடை ஒன்றே ஒன்றாக இருந்தாலும் உலகம் முழுவதும் உள்ள பெயர்களினூடே அது செல்ல வேண்டியிருக்கும். இந்தப் பக்கத்தில் இனி வரும் யோசனைகளில் பெரும்பாலானவை, சர்வர் படிக்க வேண்டிய தரவைக் குறைப்பது எப்படி என்ற ஒரே விஷயத்தின் வெவ்வேறு வடிவங்களே.

இடத்தைக் குறிப்பிடப் பல வழிகள் உள்ளனவே, எது மலிவானது?

எல்லைச் செவ்வகம் எல்லாவற்றிலும் மலிவானது. நான்கு எண்களோடு ஒப்பிட்டால் போதும் என்பதாலும், தரவு அடுக்கப்பட்டிருக்கும் முறையோடு அது அப்படியே பொருந்துவதாலும், சர்வருக்கு ஏறத்தாழ வேலையே இல்லை. அடுத்து வருவது ஏரியா வடிகட்டி. மாவட்டம், மாநிலம் போன்ற எல்லைகளுக்குள் இருப்பவற்றை மட்டும் அது தரும். ஆனால் எல்லைக்கோட்டை ஒட்டியுள்ள ஒவ்வொரு பொருளும் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று கணக்கிட்டாக வேண்டும். நாமே பலகோணப் புள்ளிகளை எழுதித் தரும் பாலி வடிகட்டியிலும் இதே கணக்குத்தான். ஜிஐஎஸ் (புவித்தகவல்) மென்பொருளிலிருந்து ஆயிரக்கணக்கான முனைகள் கொண்ட எல்லையை அப்படியே ஒட்டிவிடுவோர் உண்டு. அதை எளிமைப்படுத்தி நூறு முனைகளுக்குள் கொண்டுவந்து அனுப்பி, ஓரங்களில் தேவையான துல்லியத்தைப் பிறகு தம் கணினியில் செய்துகொள்வது இரு தரப்புக்கும் நல்லது. ஒரு பொருளிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் தேடும் அரவுண்ட் வடிகட்டியின் விலை எதைச் சுற்றித் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது என்பதால் அதைத் தனியே கீழே காண்போம்.

செவ்வகம் சரியாகத்தான் கொடுத்தேன், ஆனால் நொடியில் வெற்று விடை வந்துவிட்டது. ஏன்?

எண்களின் வரிசையைச் சரிபார்க்கவும். ஓவர்பாஸ் எதிர்பார்ப்பது தெற்கு, மேற்கு, வடக்கு, கிழக்கு என்ற வரிசை; ஜியோஜேசன் முதலிய வரைபடத் தரவு வடிவங்களில் தீர்க்கரேகையே முதலில் வரும். சென்னையின் ஒரு பகுதிக்கு 13.0, 80.2, 13.1, 80.3 என்று தர வேண்டியதை 80.2, 13.0, 80.3, 13.1 என்று மாற்றித் தந்தால், தேடல் ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிய ஆர்க்டிக் கடலில் நடக்கும். அங்கே பேருந்து நிறுத்தங்கள் இல்லை என்பதைச் சர்வர் மிக வேகமாகச் சொல்லிவிடும்.

ஊர்ப் பெயரைக் கொடுத்து ஏரியாவைத் தேடுவதில் என்ன தவறு?

தவறில்லை, ஆனால் அந்தப் பெயர் உலகில் ஒன்றே ஒன்றுதான் என்று நம்பிவிடக் கூடாது. ‘சேலம்’ என்பதன் ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பெயராகத் தந்து ஏரியாவைக் கேட்டால், தமிழ்நாட்டின் சேலம் மட்டுமன்றி, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத் தலைநகரும், மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலமும், அதே பெயரில் உள்ள வேறு பல ஊர்களும் ஒரே தொகுப்பில் வந்து சேரும். பிறகு அந்தத் தொகுப்புக்குள் பள்ளிகளைத் தேடு என்றால் எல்லா ஊர்களின் பள்ளிகளும் தேடப்படும். பெயரோடு நிர்வாக நிலை எண்ணையும் சேர்ப்பது முதல் திருத்தம்: இந்தியாவில் மாநிலத்துக்கு 4, மாவட்டத்துக்கு 5 என்ற எண்கள் வழங்குகின்றன. இதைவிட நல்லது, எல்லையின் ரிலேஷன் எண்ணை ஒருமுறை கண்டு குறித்துக்கொண்டு, அதை நேரடியாகப் பயன்படுத்துவது. ரிலேஷன் எண்ணோடு 3600000000 என்பதைக் கூட்டினால் ஓவர்பாஸின் ஏரியா எண் கிடைக்கும். எல்லையின் எண் 12345 எனில் ஏரியா எண் 3600012345. இவ்வாறு எழுதினால் பெயர்த்தேடல் என்ற படியே இராது.

ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ள வேண்டும். ஏரியாக்கள் மூலத் தரவில் இருப்பவை அல்ல. எல்லைக் கோடுகளிலிருந்து ஓவர்பாஸ் தனியாகக் கணக்கிட்டு வைப்பவை. எனவே, இன்று காலை ஒருவர் திருத்திய மாவட்ட எல்லை ஏரியாவாக மாறச் சில மணி நேரம் பிடிக்கலாம். எல்லைக்கோடு எங்கேனும் அறுந்திருந்தால் ஏரியா உருவாகாமலே போகவும் கூடும்.

தமிழில் பெயரைக் கொடுத்துத் தேடினேன். வரைபடத்தில் கண்ணுக்குத் தெரியும் இடம்கூட விடையில் வரவில்லை. ஏன்?

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு, மூன்றையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். முதலாவது, தமிழ்நாட்டில் முதன்மைப் பெயர் டேக்கில் பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்கூட்டலே இருக்கிறது; தமிழ்ப் பெயர், மொழிக்குறியோடு கூடிய தனிப் பெயர் டேக்கில் இருக்கும். முதன்மைப் பெயரில் தமிழைத் தேடினால் விடை கிடைக்க வாய்ப்புக் குறைவு.

இரண்டாவது, கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் எழுத்து கணினிக்கு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே யூனிகோடு குறியாகவும் சேமிக்கலாம். எகரக் குறி, கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். யூனிகோடு இரண்டையும் சமம் என்று கூறினாலும், எழுத்துச் சரத்தை அப்படியே ஒப்பிடும் தேடலுக்கு அவை வேறு வேறு. கோயில் பெயர்களில் வரும் ஸ்ரீ இன்னும் சிக்கலானது: ஸகரத்திலிருந்து தொடங்கும் வடிவமும், 2005-இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட ஶகரத்திலிருந்து தொடங்கும் வடிவமும் பல எழுத்துருக்களில் ஒரே மாதிரி தோன்றும். கோயில்களைப் பெயரால் தேடுவோர் இரு வடிவங்களையும் சேர்த்தே தேட வேண்டும்.

மூன்றாவது, எழுத்து வழக்கு. கோயில், கோவில் என்ற இரண்டும் தரவில் உண்டு. பெயரை நம்பாமல், ‘வழிபாட்டிடம்’ என்ற வகை டேக்கால் ஒரு சிறு பகுதியில் எல்லாவற்றையும் பெற்றுக்கொண்டு, பெயர் ஒப்பீட்டைத் தம் கணினியில் செய்வதே பெரும்பாலும் வேகமான வழி. பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாட்டைப் புறக்கணிக்கும் குறியைத் தமிழ்ப் பெயர்த் தேடலில் இடுவோரும் உளர். தமிழில் அந்த வேறுபாடே இல்லாததால் அதனால் பயன் ஒன்றும் இல்லை.

ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துகளின் வடிவத்தைக் கொண்டு தேடும் முறை) பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், ஆனால் அதன் விலையை அறிந்து பயன்படுத்த வேண்டும். ஒரு டேக்கின் சாவியும் மதிப்பும் முழுமையாகத் தரப்பட்டால் சர்வர் அதற்குரிய பட்டியலுக்கு நேரே செல்லும். மதிப்பின் இடத்தில் ~ குறியுடன் ஒரு வடிவத்தைத் தந்தால், அந்தச் சாவியின் கீழ் வரும் மதிப்புகளையெல்லாம் எடுத்துப் பொருத்திப் பார்க்க வேண்டும். சாவியையே வடிவமாகத் தந்தால் எல்லாச் சாவிகளும் ஆராயப்படும். இதுவே மிகுந்த செலவு. சிறு செவ்வகத்துக்குள் இந்த வேறுபாடுகள் தெரியவே தெரியாது. மாநில அளவில் தெளிவாகத் தெரியும்.

பள்ளி, கல்லூரி என இரண்டு மூன்று மதிப்புகள்தான் தேவை எனில், அவற்றைத் தனித்தனிக் கூற்றுகளாக எழுதி ஓர் இணைப்புக்குள் (பல கூற்றுகளின் விடைகளை ஒன்றாகச் சேர்க்கும் தொகுதி) வைப்பது தெளிவானது. வடிவமாகவே எழுத விரும்பினால் தொடக்கத்தில் ^ குறியையும் முடிவில் $ குறியையும் இட மறக்கக் கூடாது. இல்லையேல் அந்தச் சொல்லைத் தன்னுள் கொண்ட வேறு மதிப்புகளும் விடைக்குள் நுழைந்துவிடும். எந்தெந்த மதிப்புகள் புழக்கத்தில் உள்ளன என்பதை அறியாமலே வடிவத்தை விரிவாக எழுதுவது பலரின் பழக்கம். டேக்இன்ஃபோ தளத்தில் ஒரு நிமிடம் செலவிட்டால், உலகில் எந்த மதிப்பு எத்தனை முறை பயன்பட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

வடிகட்டிகளை எழுதும் வரிசை முக்கியமா?

ஒரே கூற்றுக்குள் இல்லை; எந்த வரிசையில் எழுதினாலும் பொருள் ஒன்றே. ஆனால் கூற்றுகளின் வரிசை மிக முக்கியம். முதல் கூற்றில் பரந்த தொகுப்பைச் சேர்த்துவிட்டு, அடுத்த கூற்றில் அதைச் சலித்தெடுப்பது, அந்தப் பரந்த தொகுப்பு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றிய பிறகே சலிப்பதாகும். இயன்றால் எல்லா நிபந்தனைகளையும் முதல் கூற்றிலேயே வைத்துவிட வேண்டும். இஃப் என்று தொடங்கும் கணக்கீட்டு நிபந்தனைகள் கிடைத்த ஒவ்வொரு பொருளின் மீதும் தனித்தனியே இயங்குவதால், அவற்றோடு எப்போதும் ஒரு சாதாரண டேக் வடிகட்டியும் இட எல்லையும் துணையாக இருக்க வேண்டும். ‘இந்த டேக் இல்லாதவை’ என்ற எதிர்மறை நிபந்தனைக்கும் இதுவே பொருந்தும்.

ஒரு வினவலைப் படிப்படியாகச் செப்பனிட்டுக் காட்ட முடியுமா?

ஏரி மாவட்டம் என்றே பெயர்பெற்ற செங்கல்பட்டின் நீர்நிலைகளை எடுத்துக்கொள்வோம். டர்போவின் வினவல் உதவியாளரிடம் இதைக் கேட்டால், அது பொதுவாக இப்படி ஒன்றை எழுதித் தரும்: பெயரால் ஏரியாவைத் தேடு; அதற்குள் ‘நேச்சுரல் = வாட்டர்’ டேக் கொண்ட நோடு, வே, ரிலேஷன் மூன்றையும் எடு; அவற்றின் முழு விவரங்களை வெளியிடு; பிறகு அவற்றின் உறுப்புகளான எல்லா நோடுகளையும் தேடி எடுத்து அவற்றையும் வெளியிடு. இது சரியாகவே ஓடும். ஆனால் ஏரிகளின் பெயர்ப் பட்டியல் மட்டும் வேண்டும் என்பவருக்கு, ஒவ்வொரு கரையின் ஒவ்வொரு வளைவும் புள்ளி புள்ளியாக வந்து குவியும்.

முதலில் பெயர்த்தேடலை நீக்கி ஏரியா எண்ணை இடுவோம். அடுத்து, நீர்நிலை என்பது பரப்பு. அது வே ஆகவோ ரிலேஷனாகவோதான் இருக்க வேண்டும். நோடுகளைத் தேட வேண்டியதில்லை. இவ்விரண்டையும் மட்டும் தேடுவதற்கு அவற்றின் முதலெழுத்துகளால் ஆன சுருக்கச் சொல் வினவல் மொழியிலேயே உண்டு. அடுத்து, ‘அவுட் கவுண்ட்’ என்று மட்டும் வெளியீட்டைக் கேட்டு எத்தனை கிடைக்கும் என்று பார்க்கலாம். சர்வர் செய்யும் தேடல் குறையாது என்றாலும், பதிவிறக்கம் சில வரிகளோடு முடியும். எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு எண் வந்தால் வினவலில் பிழை என்று அப்போதே தெரிந்துவிடும்.

எண்ணிக்கை நியாயமாகத் தோன்றினால், ‘அவுட் டேக்ஸ் சென்டர்’ என்று கேட்கலாம். ஒவ்வொரு நீர்நிலைக்கும் அதன் டேக்குகளும் ஒரே ஒரு மையப்புள்ளியும் மட்டும் வரும். அந்த மையம், பொருளைச் சூழ்ந்த செவ்வகத்தின் மையமே தவிர, ஏரியின் உள்ளே இருக்கும் என்ற உறுதி இல்லை. கரையை ஒட்டிப் பிறை வடிவில் வளைந்து கிடக்கும் நம் ஏரிகளில் அந்தப் புள்ளி வயலின் மீதோ குடியிருப்பின் மீதோ விழுவது சாதாரணம். வரைபடத்தில் பெயர் எழுத அது போதும்; எந்த ஊராட்சியில் ஏரி உள்ளது என்று தீர்மானிக்க அதைப் பயன்படுத்தலாகாது. முழு வடிவம் வேண்டிய ஏரிகளுக்கு மட்டும், அவற்றின் எண்களைத் தந்து ‘அவுட் ஜியோம்’ என்று இரண்டாம் வினவலில் கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு துணைக்குறிப்பு: எல்லா ஏரிகளும் ஒரே டேக்கில் இல்லை. பழைய பதிவுகளில் நிலப்பயன்பாட்டுச் சாவியின் கீழ் ‘ரிசர்வாயர்’ என்ற மதிப்பு இருக்கும். அதையும் இணைப்பில் சேர்க்காவிட்டால், எவ்வளவு வேகமாக ஓடினாலும் விடை முழுமை பெறாது.

வெளியீட்டு வகைகளில் எதைத் தேர்ந்தெடுப்பது?

பகுப்பாய்வுக்கு அட்டவணை போதும் எனில் சிஎஸ்வி வெளியீட்டைக் கேட்டு, தேவையான நெடுவரிசைகளை மட்டும் பெயரிட்டுப் பெறலாம். ஜேசனைவிட அளவு வெகுவாகக் குறையும், விரிதாளில் நேரே திறக்கவும் முடியும். வடிவம் தேவையெனில் ‘அவுட் ஜியோம்’ எளிமையானது. யார், எப்போது திருத்தினார் என்ற தகவலைத் தரும் ‘மெட்டா’ பெரும்பாலோருக்குத் தேவையே இல்லை. நிறையப் பொருள்கள் வரும்போது எண் வரிசைக்குப் பதிலாக ‘க்யூடி’ என்ற நிலவரிசையைக் கேட்டால், சர்வர் தான் வைத்திருக்கும் ஒழுங்கிலேயே எடுத்துத் தந்துவிடும்; மீண்டும் வரிசைப்படுத்தும் வேலை மிச்சமாகும்.

பள்ளிகளிலிருந்து 300 மீட்டருக்குள் உள்ள பேருந்து நிறுத்தங்களைக் கேட்டால் திணறுகிறதே?

அரவுண்ட் வடிகட்டி, முதல் தொகுப்பின் ஒவ்வொரு உறுப்பைச் சுற்றியும் தேடுகிறது. ஆகவே முதல் தொகுப்பு சிறியதாக இருக்க வேண்டும். ரயில் நிலையங்களுக்கு அருகிலுள்ள ஏடிஎம்கள் வேண்டுமெனில், எண்ணிக்கையில் குறைந்த ரயில் நிலையங்களை முதலில் எடுத்து அவற்றைச் சுற்றித் தேடுவதே முறை. ஏடிஎம்களிலிருந்து தொடங்குவது வீண் சுற்று. பள்ளி, நிறுத்தம் போன்று இரண்டுமே பெரிய தொகுப்புகளாக இருந்தால், இரண்டையும் தனித்தனியே எளிய வினவல்களாகப் பெற்று, தொலைவைக் க்யூஜிஐஎஸ் போன்ற மென்பொருளில் கணக்கிடுவதையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். நெடுஞ்சாலை, ஆறு போன்ற நீண்ட கோடுகளைச் சுற்றி அரவுண்ட் தேடுவதும் செலவு மிக்கது. அங்கும் முதலில் செவ்வகத்தால் கோட்டின் வேண்டிய பகுதியை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும்.

டைம்அவுட்டை ஏற்றினால் தீர்ந்துவிடாதா?

டைம்அவுட் என்பது ‘இவ்வளவு நேரம் வரை ஆகலாம்’ என்று நாம் சர்வருக்குத் தரும் முன்னறிவிப்பு; மேக்ஸ்சைஸ் என்பது நினைவகத்துக்கான அதே அறிவிப்பு. எதுவும் சொல்லாவிட்டால் 180 வினாடியும் 512 எம்பியும் கொள்ளப்படும். ஒரு வினவல் அறிவிக்கும் நேரமும் நினைவகமும், சர்வரிடம் அப்போது மீதமிருப்பதில் பாதிக்குள் அடங்கினால் மட்டுமே அது உள்ளே அனுமதிக்கப்படும். எனவே, ஐந்து வினாடியில் முடியும் வினவலுக்கு 900 என்று எழுதி வைப்பவர், நெரிசல் நேரத்தில் தம் வினவல் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும் வாய்ப்பைத் தாமே கூட்டிக்கொள்கிறார். சிறு வினவலுக்குச் சிறு எண்ணை எழுதுவது நெரிசலில் இடம் பெற உதவும். டர்போவின் உதவியாளர் 25 என்று எழுதித் தருவதும் இதனால்தான். உண்மையிலேயே பெரிய வினவலுக்கு மட்டும் இரண்டையும் ஏற்றலாம், அதுவும் மேற்சொன்ன செப்பனிடல்கள் முடிந்த பிறகு.

429, 504 என்ற பிழைகள் எதைக் குறிக்கின்றன?

429 என்பது உங்கள் முகவரிக்கான பங்கு தற்போதைக்குத் தீர்ந்துவிட்டது என்பதாகும். ஒவ்வொரு பயனருக்கும் சில ஸ்லாட்டுகள் (வினவல் ஓடுவதற்கான இடங்கள்) உண்டு. வினவல் முடிந்த பிறகும், அது வாங்கிய வேலைக்கும் சர்வரின் நெரிசலுக்கும் ஏற்ப, அந்த ஸ்லாட் சிறிது நேரம் பூட்டியே இருக்கும். சர்வரின் நிலைப் பக்கத்தைத் திறந்தால், எத்தனை ஸ்லாட் காலி, மற்றவை எத்தனை வினாடியில் திறக்கும் என்று காணலாம். நிரல் எழுதுவோர் அந்த நேரம் வரை காத்திருக்கச் செய்ய வேண்டும். உடனுக்குடன் மறுமுயற்சி செய்யும் நிரலால் தடைதான் நீளும். 504 என்பது சர்வரே நெரிசலில் இருப்பதைக் குறிக்கும். அறிவித்த நேரத்தையும் நினைவகத்தையும் குறைத்தால் சில வேளை உள்ளே செல்ல இடம் கிடைக்கும்.

இவ்விரண்டைக் காட்டிலும் ஆபத்தானது, பிழை எண்ணே இல்லாமல் வரும் பிழை. வினவல் பாதியில் நேரம் கடந்தோ நினைவகம் தீர்ந்தோ நின்றுவிட்டால், 200 என்ற வெற்றிக் குறியோடும், வெறுமையான அல்லது அரைகுறையான தரவோடும், ‘ரிமார்க்’ என்ற புலத்தில் காரணத்தோடும் விடை வரக்கூடும். அந்தப் புலத்தைப் பார்க்காத நிரல், அந்த மாவட்டத்தில் மருத்துவமனைகளே இல்லை என்று அறிக்கை எழுதிவிடும்.

மாநிலம் முழுவதற்கும் வேண்டும். துண்டு துண்டாகக் கேட்கலாமா?

கேட்கலாம். மாவட்டவாரியாகவோ ஒரே அளவுச் செவ்வகங்களாகவோ பிரித்து, ஒன்று முடிந்த பின் மற்றொன்றாக அனுப்ப வேண்டும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் ஏவினால் 429 நிச்சயம். எல்லையைத் தாண்டிச் செல்லும் சாலையும் ஆறும் இரண்டு துண்டுகளிலும் வரும் என்பதால், சேர்க்கும்போது இரட்டிப்பை நீக்க வேண்டும். அப்போது எண்ணை மட்டும் வைத்து நீக்கக் கூடாது: நோடு, வே, ரிலேஷன் மூன்றுக்கும் எண்வரிசை தனித்தனி என்பதால், ஒரே எண்ணில் ஒரு நோடும் ஒரு வேயும் இருக்கும். வகையையும் எண்ணையும் சேர்த்தே அடையாளமாகக் கொள்ள வேண்டும்.

நாள்தோறும் அதே தரவைப் புதுப்பிக்க வேண்டுமெனில்?

முழுவதையும் மீண்டும் எடுக்க வேண்டியதில்லை. ‘நியூவர்’ என்ற வடிகட்டியில் முந்தைய நாளையும் நேரத்தையும் தந்தால், அதன் பிறகு மாறியவை மட்டும் வரும். முந்தைய விடையில் உள்ள தரவு நேரக்குறியையே அதற்கு இட வேண்டும்; நம் கணினியின் கடிகார நேரத்தை இட்டால் இடையில் சில மாற்றங்கள் விடுபடலாம். நீக்கப்பட்ட பொருள்கள் இதில் தெரியா என்பது முக்கியமான குறை. நீக்கங்களும் வேண்டுமெனில் இரு நாள்களுக்கிடையிலான வேறுபாட்டைக் கேட்கும் ‘ஏடிஃப்’ உண்டு. 2012 செப்டம்பர் முதலான பழைய நிலைகளை ஓவர்பாஸ் வைத்திருப்பதால் இது இயல்கிறது. ஆனால் பழைய நிலையைக் கேட்கும் வினவல்கள் இயல்பாகவே மெதுவானவை. சிறு பரப்புக்கு மட்டும் பயன்படுத்துக.

என் செயலியிலிருந்து நேரடியாகப் பொதுச் சர்வரை அழைக்கலாமா?

முதன்மைப் பொதுச் சர்வருக்கான வழிகாட்டுதல், நாளொன்றுக்கு 10,000 வினவலுக்கும் 1 ஜிபி பதிவிறக்கத்துக்கும் உட்பட்டு இருக்குமாறு கேட்டுக்கொள்கிறது. பயனர் வரைபடத்தை விரலால் நகர்த்தும் ஒவ்வொரு முறையும் வினவல் அனுப்பும் செயலி, சில நூறு பயனர்களிலேயே இந்த எல்லையைத் தொட்டுவிடும். நகர்த்தல் நின்ற பிறகே அனுப்புவது, செவ்வகத்தை நிலையான கட்டங்களுக்கு முழுமையாக்கி ஒரே கட்டத்தைப் பலருக்கும் சேமிப்பிலிருந்து தருவது, தொலைவிலிருந்து பார்க்கும் நிலையில் வினவலையே நிறுத்திவிடுவது ஆகியவை குறைந்தபட்சக் கடமைகள். செயலியின் பெயரைக் கோரிக்கையின் தலைப்பில் குறிப்பிடுவதும் அவற்றில் ஒன்று. வணிகச் செயலி எனில் சொந்தச் சர்வரை நிறுவுவதே முறை என்பது எங்கள் கருத்து.

ஓவர்பாஸைத் தவிர்க்க வேண்டிய இடங்கள் எவை?

ஒரு மாநிலத்தின் எல்லாக் கட்டடங்களும், எல்லாச் சாலைகளும் என்று ‘எல்லாம்’ என்ற சொல் வந்துவிட்டால், கோப்பைப் பதிவிறக்குவதே சிக்கனம். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரத்து ஜியோஃபேப்ரிக் நிறுவனம், நாடுவாரியான பிபிஎஃப் (சுருக்கிய வரைபடத் தரவு) கோப்புகளை நாள்தோறும் புதுப்பித்து வழங்குகிறது. இலங்கைக்குத் தனிக் கோப்பு உண்டு. இந்தியா மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், தமிழ்நாடு தென்மண்டலக் கோப்பில் கிடைக்கும். அதிலிருந்து வேண்டிய டேக்குகளை மட்டும் பிரிக்க ஆஸ்மியம் என்ற கட்டளைவரிக் கருவி போதும். சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும், எத்தனை முறை பிழையாக எழுதினாலும் பிறர் சர்வருக்குப் பாரமில்லை. முகவரியைத் தந்து ஆயத்தொலைவு பெறுவது நாமினாட்டிம் சேவையின் வேலை. அதன் பொதுச் சர்வருக்கு வினாடிக்கு ஒரு கோரிக்கை என்பதே உச்சவரம்பு.

கோப்பைப் போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் (இடத்தரவைக் கையாளும் தரவுத்தளம்) ஏற்றிவிட்டேன். அங்கும் மெதுவாகவே ஓடுகிறதே?

பெரும்பாலும், இடத்தைக் கொண்டு விரைந்து தேட உதவும் இடக் குறியீட்டைப் பயன்படுத்த முடியாதபடி வினவல் எழுதப்பட்டிருக்கும். இரு பொருள்களின் தொலைவைக் கணக்கிட்டு, அது 300-க்குக் குறைவா என்று ஒப்பிட்டால், ஒவ்வொரு சோடிக்கும் தொலைவு கணக்கிடப்படும். ‘எஸ்டி டிவித்இன்’ என்ற செயற்கூறைப் பயன்படுத்தினால் குறியீட்டின் துணையோடு அருகில் இருப்பவை மட்டும் முதலில் பிரிக்கப்படும். வடிவ நெடுவரிசையை வினவலுக்குள்ளேயே வேறு ஆய முறைக்கு மாற்றினாலும் குறியீடு பயனற்றுப் போகும். மாற்ற வேண்டியது நாம் தரும் புள்ளியை, அல்லது மாற்றிய வடிவத்துக்கே தனிக் குறியீடு அமைக்க வேண்டும்.

கோப்பைத் தரவுத்தளத்தில் ஏற்றும் ஓஎஸ்எம்2பிஜிஎஸ்க்யூஎல் கருவி இயல்பாக ஏற்றுவது வெப் மெர்கேட்டர் என்ற வரைபட வீழ்ப்பு முறையில் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அதில் ஒரு ‘மீட்டர்’ நிலத்தின் ஒரு மீட்டர் அன்று. சென்னை அமைந்துள்ள 13 பாகை வடக்கில் சுமார் 2.6 சதவீதம் மிகைப்படும். 300 மீட்டர் தேடலில் ஏறக்குறைய 8 மீட்டர் வேறுபாடு. நிறுத்தங்களுக்கு அது பொருட்டில்லை. நிலஅளவை வேலைக்குப் பொருட்டு.

பெற்ற தரவை வெளியிடும்போது என்ன குறிப்பிட வேண்டும்?

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவு 2012 முதல் ஓடிபிஎல் (திறந்த தரவுத்தள) உரிமத்தின் கீழ் வழங்கப்படுகிறது. ஓவர்பாஸ், ஜியோஃபேப்ரிக், போஸ்ட்ஜிஐஎஸ் எந்த வழியாக வந்தாலும், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களுக்கான உரிமைக் குறிப்பைப் படிப்போர் கண்ணில் படும் இடத்தில் தர வேண்டும். அந்தத் தரவிலிருந்து உருவாக்கிய தரவுத்தளத்தைப் பொதுவில் வெளியிட்டால் அதுவும் அதே உரிமத்தின் கீழ் வர வேண்டும். அச்சிட்ட வரைபடப் படத்துக்கு அந்த நிபந்தனை இல்லை, குறிப்பு மட்டும் போதும்.